பக்கத்து சீட்

பக்கிளின் முள்ளைக் கடைசி ஓட்டையில் மாட்டிய பிறகும் அப்பாவின் இடுப்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஐரீனின் கை தாராளமாகப் போய் வந்தது. வெள்ளைச் சட்டை போட்டாயிற்று. தலை வாரியாயிற்று. இந்தப் பேண்ட்தான் நிற்க மாட்டேன் என்றது.

"இறுக்கிப் போடுடி. பொட்டியில தூக்கி வெக்க சொல்ல எறங்கிடப் போவுது," என்றாள் ஃபாத்திமா. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கணவனின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஃபாத்திமா மாதாவின் பெயர் வைத்த பெரிய உடம்புக்காரி. விடிந்ததிலிருந்து அழுது ஓய்ந்து, இப்போது கையில் ஏதாவது ஒரு வேலை இருந்தால் போதும் என்று ஆகியிருந்தாள்.

"இதுக்கு மேல ஓட்டை இல்லம்மா."

"கீய போயி ஓட்ட போடுற பஞ்சை எடுத்துகினு வா. அவரே போட்டுக்குவாருல்ல, அந்த மாரி இன்னொண்ணு நாம போடுவோம்."

லியோனார்ட் தன் பெல்ட்டுக்குத் தானே ஓட்டை போட்டுக்கொண்டவர்தான். வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன மாதத்தில் முதல் ஓட்டை. ஷெட்டில் கேஸ்கெட் தாளில் துளை அடிக்கிற இரும்புப் பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. சாப்பாடு இறங்காமல் போகப் போக ஓட்டைகள் பக்கிளை நோக்கி நகர்ந்து வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு ஓட்டைக்கும், "பாத்தியா, ஈரோ கணக்கா ஆயிட்டேன்," என்பார். யாரும் சிரிக்காவிட்டால் அவரே சிரித்துக்கொள்வார்.

ஐரீன் படியிறங்கினாள். மேலே வீடு, கீழே அப்பாவின் மெக்கானிக் ஷெட். அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டுச் சோற்றில் கொஞ்சம் டீசல் வாசனை உண்டு. பல நாளாகச் சரியாகத் தூங்காத கால்கள் படியைத் தடவித் தடவி இறங்கின. அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் உடம்பில் அதற்குத் தெம்பில்லை. அப்பா போய்விட்டார் என்பதை விட, எங்காவது ஒரு மூலையில் படுத்துக்கொள்ள விடமாட்டார்களா என்பதுதான் மனசில் ஓடியது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஷெட்டின் நடுவில் அந்தப் பச்சைக் கார் நின்றது. ரெண்டே பேர் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் முன்னால் இல்லை, சீட்டுக்குப் பின்னால். உயரம் அவள் இடுப்பைத் தாண்டாது. மண்ணடியில் தோல் வியாபாரம் செய்யும் தஹ்சீன் அதைப் பழைய வண்டியாக வாங்கி ஆசை ஆசையாக ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கோளாறு வந்து சேர்ந்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஓர் உதறல். நாலு சிலிண்டரில் ஒன்று ஒரு நொடி வேலைக்கு மட்டம் போடும். பிறகு எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள். நிரந்தரமாக அடிக்கிற மிஸ்ஸிங்கைச் சின்னப் பையனும் பிடித்துவிடுவான். வந்து வந்து போகிறதுதான் உயிரை வாங்கும்.

தஹ்சீன் ஏறி இறங்காத ஒர்க்‌ஷாப் இல்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் வண்டி நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். ஒருவர் மட்டும், எதற்கும் எஞ்சினை இறக்கிப் பார்த்துவிடலாமே என்றார். கடைசியில் லியோனார்டிடம் வந்தான்.

"என் வீட்டம்மா ஏறுனா மட்டும் கரெக்டா இருமுது அங்கிள். சபீஹா மேல அதுக்கு இன்னா கோவமோ," என்று அவன் சொன்னபோது ஷெட்டே சிரித்தது. சபீஹா கொஞ்சம் வாட்டசாட்டமான பெண். லியோனார்ட் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

சத்தம் கேட்க அவர் தனியாக வண்டி எடுக்க மாட்டார். ஓட்டுகிறவன் காது ரோட்டில் இருக்கும், கேட்கிறவன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பது அவர் கட்சி. ஐரீன் ஓட்டுவாள். அவர் பக்கத்து சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, நீளக் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வருவார்கள். ஆரம்பத்தில் போன தடவையெல்லாம் மிஸ்ஸிங் வந்தது. ஸ்கேனரை மாட்டினால் ரெண்டாவது சிலிண்டர் என்று காட்டும். பிளக்கை மாற்றினார்கள். ஸ்பார்க் கொடுக்கிற காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கோளாறு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"வயரிங் பாத்தியா?" என்று ஒரு நாள் கேட்டார்.

வயரிங் ஐரீனின் வேலை. ஐ.டி.ஐ. முடித்து வந்த நாளிலிருந்து அவள் தொட்ட வயரை அவர் திரும்பத் தொட்டதில்லை.

"ஃபுல்லா பாத்துட்டேம்ப்பா. நல்லாத்தான் கீது."

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அப்புறம் மிஸ்ஸிங் தானாகக் குறைய ஆரம்பித்தது. ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் பட்டையில் துருவைப் பார்த்து அதையும் மாற்றினார். அதற்குப் பிறகு வரவே இல்லை. அவரால் படியிறங்க முடியாமல், ஐரீன் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சீட்டில் உட்காரவைத்த கடைசி ஓட்டத்தில், எண்ணூர் வரை போய்த் திரும்பியும் எஞ்சின் ஓர் உதறல் உதறவில்லை. "எர்த்துதான்டி. புட்ச்சிட்டேன் பாரு," என்றார். முகத்தில் பழைய லியோனார்ட் ஒரு நிமிஷம் வந்துபோனார். வீட்டுக்கு வந்ததும் தஹ்சீனுக்குப் போன் போட்டு, வண்டி ரெடி, வந்து எடுத்துக்கோ என்றார். அதற்கப்புறம் அவர் யாருக்கும் போன் போடவில்லை.

பஞ்சை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பென்னி உள்ளே வந்தார். எதிர் ஷெட்டில் பெயிண்ட் வேலை செய்கிறவர். கல்லறையில் நடுவதற்கான மரச் சிலுவை அவர் கையில் இருந்தது. நம்பர் பிளேட் எழுதுகிற அதே எழுத்தில் லியோனார்ட் என்று எழுதியிருந்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"ஐரீனு, இந்த வண்டிய கயுவி ரெடி பண்ணு. இதான முன்னாடி போவணும்?"

அந்த ஷெட் வரிசையில் அப்படி ஒரு வழக்கம். மெக்கானிக் செத்தால், அவர் கடைசியாகக் கை வைத்துச் சரிபண்ணிய வண்டி சவ வண்டிக்கு முன்னால் கல்லறை வரை போக வேண்டும். அதில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் சிலுவையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். யார் ஆரம்பித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பென்னியின் அப்பாவுக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி போனது.

"தஹ்சீனைக் கேக்கணும்ண்ணா."

"கேட்டாச்சி. வாசல்லதான் நிக்கிறாரு, எடுத்துக்கச் சொல்லிட்டாரு. ராயபுரத்துலர்ந்து திருவொற்றியூரு வரைக்கும் அத்தினி மெக்கானிக்கும் வந்துகினு கீறான். பெரிய பெரிய ஒர்க்‌ஷாப்பு கைவுட்ட வண்டி. நம்ம லியோ புட்ச்சான்னு எல்லாத்துக்கும் தெரியட்டும்."

ஐரீனுக்கு அப்போதுதான் நெஞ்சில் ஏதோ லேசாகத் திறந்தது. ஆமாம், தெரியட்டும் என்று நினைத்தாள். மேலே போய், பெல்ட்டில் ஓர் ஓட்டை போட்டு, அப்பாவை இறுக்கிக் கட்டினாள்.

சிலுவை பிடிக்க ஜெபசிங் வந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலைத்தவர், லியோனார்டின் தினசரி டீ கூட்டாளி. இரண்டு ஆள் கனம் இருப்பார். அந்தக் காருக்குள் அவரை இறக்குவதற்குள் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"என்னம்மா இது, தரையில உக்காருத மாதிரில்லா இருக்கு," என்று முனகிக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். சிலுவை உள்ளே அடங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டார். சட்டைக் கையில் கறுப்புப் பெயிண்ட் ஒட்டியது. அவர் துடைக்கவில்லை.

கோயிலில் பூசை முடிந்து காசிமேடு கல்லறைக்குக் கிளம்பினார்கள். முன்னால் பச்சைக் கார், பின்னால் சவ வண்டி, அதன் பின்னால் ஜனம். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்தார்கள். ஃபாத்திமாவை நடுவில் விட்டு இரண்டு பேர் தாங்கியிருந்தார்கள். வெயில் ஏறி, கடல் காற்று பிசுபிசுவென்று ஒட்டியது. ஐரீன் முதல் கியரிலேயே வண்டியை நகர்த்தினாள். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் சீராக ஓடியது. கொஞ்ச தூரம் அப்படியே கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்க்கெட் ஓரத்து வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி உதறியது.

அவள் பிரேக்கில் கால் வைத்தாள். தனக்கு மட்டும் தோன்றியதோ என்று நினைத்தாள். அடுத்த பள்ளத்தில் மறுபடி உதறியது. அதற்கடுத்து இரண்டு தடவை விட்டு விட்டு இருமி, சைலன்சரில் பட்டாசு மாதிரி ஒன்று வெடித்தது. ஜெபமாலை ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் வந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

"என்னம்மா, வண்டி இழுக்குது?" என்றார் ஜெபசிங்.

"ஒண்ணுமில்ல அங்கிள்."

கல்லறை வாசல் வரை அது அவளை விடவில்லை. ஒவ்வோர் உதறலுக்கும் அவளுக்கு உடம்பு கூசியது. அப்பாவின் வாழ்நாளில் ஒரு வண்டியும் இப்படி அவர் மானத்தை வாங்கியதில்லை. அவர் வாய் திறந்து பதில் சொல்ல முடியாத நாளாகப் பார்த்து வாங்குகிறது.

மண் போடும்போது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அவளைக் கொன்றது. வெளியே வரும்போது பென்னி அவள் தோளைத் தொட்டு, "பெட்ரோல்ல தண்ணி கலந்துகீதோ இன்னாவோ. மனசுல வெச்சிக்காத," என்றார். அது பொய் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கொஞ்சம் தள்ளி யாரோ, "நோவாளி மனுசன், பாவம், அவருதான் இன்னா பண்ணுவாரு," என்றது காதில் விழுந்தது. அதற்குப் பதில் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது.

ஜெபசிங், முட்டி வலிக்கிறது என்று சொல்லி ஷேர் ஆட்டோவில் போய்விட்டார். ஐரீன் தனியாக வண்டியை எடுத்தாள். அதே ரோடு. அதே பள்ளம். அதே வேகத்தடை. எஞ்சின் ஓர் உதறல் உதறவில்லை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வண்டியைத் திருப்பி வேகத்தடையில் மறுபடி ஏற்றினாள். வேகமாக ஏற்றிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்து சீட்டைப் பார்த்தாள். ஜெபசிங் உட்கார்ந்த பள்ளம் இன்னும் முழுசாக மேலே வரவில்லை. ஒரு சாமந்தி இதழ் கிடந்தது. அப்பா தள்ளிவைத்தபடியே சீட் கடைசி வரை பின்னால் இருந்தது.

சபீஹா ஏறினால் மட்டும் இருமும். ஒர்க்‌ஷாப் ஆட்கள் தனியாக ஓட்டிப் பார்த்தால் வராது. அப்பா உட்கார்ந்தபோது வந்தது. அப்புறம் அப்பா உட்கார்ந்தும் வரவில்லை.

லாரிக்காரன் நகர்ந்துவிட்டான். பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். ஐரீனுக்குக் கை வரவில்லை. காலையில் அவர் இடுப்பில் அவள் கை போய் வந்த இடைவெளிதான் கண் முன்னால் நின்றது. பெல்ட்டில் ஓட்டை ஏற ஏற மிஸ்ஸிங் குறைந்திருக்கிறது. வண்டி சரியாகிக்கொண்டு வருகிறது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த அந்த வாரங்களில் அவர் கரைந்துகொண்டிருந்திருக்கிறார். அந்தச் சீட்டை அழுத்துகிற கனம் அவரிடம் இல்லாமல் போயிருக்கிறது.

வீட்டில் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அவள் மேலே போகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்து சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றினாள். சீட்டை வெளியே எடுத்துக் கார்ப்பெட்டை உரித்தாள். முன்னாலிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற வயர்க் கட்டு அங்கேதான் ஓடியது. சீட் நகருகிற இரும்புப் பட்டையின் பின்முனைக்கு நேர் கீழே கட்டு தட்டையாகிக் கிடந்தது. எந்தக் காலத்திலோ சீட்டைக் கழற்றி மாட்டிய யாரோ வயர்க் கட்டை அதன் இடத்தில் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். ரெண்டாவது சிலிண்டரின் காயிலுக்குப் போகிற வயரை விரலில் உருட்டினாள். மேல்தோல் முழுசாக இருந்தது. உள்ளே ஓரிடத்தில் மட்டும் சோறு மாதிரி மெத்தென்று மடங்கியது. செம்பு அறுந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. மேலே கனம் ஏறி வண்டி குலுங்கினால் விலகும். கனம் இறங்கினால் ஒட்டிக்கொள்ளும்.

மீட்டரை வைத்து அவள் பார்த்தபோது சீட் காலியாக இருந்தது. எல்லா வயரும் நல்ல வயராகத்தான் காட்டியது. நல்லாத்தான் கீது என்று சொல்லிவிட்டாள். அவர் நம்பிவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கையில் வயரைப் பிடித்தபடி, சத்தமில்லாமல், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அறுந்த இடத்தை வெட்டி, செம்பை முறுக்கி ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, வயர்க் கட்டை இரும்புக்கு எட்டாத பக்கம் தள்ளிக் கட்டினாள். சீட்டைப் பழையபடி மாட்டினாள்.

படியில் ஃபாத்திமா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"சாப்ட வரல?"

"வரேம்மா. ஒரு தபா ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

"அவரு சரி பண்ணலன்னு பேசிக்கிறானுங்க," என்றாள் ஃபாத்திமா. "சாவு வூட்ல ஒக்காந்துகினு சோத்தத் துன்னுகினே பேசிக்கிறானுங்க."

ஐரீன் கையைத் துணியில் துடைத்தாள். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் கனமாக யாராவது வேண்டும். ஜெபசிங்கைக் கூப்பிடலாம். முட்டி வலி என்பார்.

"நீ வரியாம்மா? சும்மா ஒக்காந்துகினா போதும்."

"நானா?" ஃபாத்திமா காரைப் பார்த்தாள். "அவரு ஒரு நாளும் என்ன இதுல கூப்ட்டதில்ல. எந்த வண்டிலயும் கூப்ட்டதில்ல. 'உனக்கு இன்னா தெரியும், பேசிகினே வருவே'ன்னுவாரு." கொஞ்சம் யோசித்தாள். "இன்னிக்கு நான் வெளிய போனா ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும்."

மேலே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஃபாத்திமா அதைக் கேட்காத மாதிரி செருப்பை மாட்டினாள்.

அந்த உடம்பைக் காருக்குள் இறக்குவது லேசாக இல்லை. உட்கார்ந்ததும் சீட் நன்றாக அமுங்கியது. அவள் கால் முன்னால் எட்டவில்லை.

"சீட்டை முன்னாடி தள்ளட்டுமா?"

"வேணாம். அவரு வெச்ச மாரியே இருக்கட்டும்."

வெயில் இறங்கிவிட்டது. எண்ணூர் ரோட்டில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் லாரி. ஐரீன் ரோட்டில் உள்ள பள்ளத்தையெல்லாம் தேடித் தேடி இறக்கினாள். ஃபாத்திமா ஒவ்வொரு குலுக்கலுக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். பின்னால் நாலு சிலிண்டரும் நாணயமாக வேலை பார்த்தன.

"சத்தம் வருதா?" என்றாள் ஃபாத்திமா.

"இல்லம்மா."

"காலைல வந்துச்சே?"

தஹ்சீனிடம் நாளைக்கு உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். பென்னியிடமும், கேட்கிற எல்லோரிடமும் சொல்லலாம், வயரை நான்தான் விட்டுவிட்டேன் என்று. ஐரீன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துகினு இருந்துச்சி. மாத்திட்டேன்."

"அப்ப அவரு பண்ணது சரிதான்?"

"சரிதாம்மா."

ஃபாத்திமா தலையை ஆட்டினாள். "அதான பாத்தேன்," என்றாள். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்ப வேண்டிய இடத்தில் ஐரீன் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் பார்த்தாள். அம்மா சீட்டில் நன்றாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போயிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தூங்குகிறாள். காற்றில் நெற்றி முடி மட்டும் அசைந்தது.

ஐரீன் இண்டிகேட்டரை அணைத்தாள். மெதுவாக ஒரு பள்ளத்தை ஒதுக்கி, வண்டியை நேராகவே விட்டாள்.